குளிர் பிளாஸ்மாவால் தோலிலுள்ள கிருமிகளைக் கொல்லலாமா? வீட்டுக்கு பிளாஸ்மா பேனா ஒன்று வாங்கலாமா?

கொல்லலாம். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பேனாவால் இல்லை. ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பார்மசிக்கு வருகிற ஆட்களும் போனில் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

கடை திருகோணமலை டவுணில். இந்த வெக்கைக்கும் வியர்வைக்கும் படர்தாமரைக்குக் குறைவே இல்லை. உப்புவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் தம்பி ஒருவர், தொடையிடுக்கில் வந்ததற்கு ஒன்லைனில் பேனா எடுத்துத் தானே சுட்டுக்கொண்டு வந்தார். வட்டம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே வரிசையாகக் கருகின புள்ளிகள். "அண்ணை, இது ஜேர்மன்காரன்ர டெக்னிக்காம்."

ஜேர்மன் கதை பொய்யில்லை. அங்கே 2013இல் மருத்துவக் கருவியாக அனுமதி பெற்ற கின்பென் மெட் என்ற கருவி, ஆர்கன் வாயுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறது. அப்படி மின்னேறிய வாயுதான் பிளாஸ்மா. தோலில் படும்போது சூடு 40 பாகை செல்சியஸுக்குள்தான். காற்றோடு கலந்து பிறக்கும் ஒட்சிசன், நைதரசன் சேர்வைகள் கிருமியின் சவ்வைப் பதம் பார்க்கும். அன்டிபயோட்டிக்குக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்ற பக்டீரியா கூட ஆய்வுகூடத்தில் தப்பவில்லை. தம்பி வாங்கினதோ, ஊசிமுனையிலிருந்து தோலுக்குப் பொறி பாய்ச்சி மச்சம், மரு சுடுகிற சாமான். அதில் குளிர் எங்கே?

அசல் கருவிக்கும் எல்லை உண்டு. 2020இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வொன்றில், சீனி வருத்தக்காரரின் காற்புண் பிளாஸ்மா பிடித்தபோது வேகமாக ஆறியது. கிருமி குறைந்த அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுகூடத் தட்டில் சாகிற கிருமி காலிலும் அப்படியே சாகும் என்றில்லை.

"கிறீம் விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கோ. நான் டொக்டர் இல்லை. படர்தாமரைக்குப் பூசுகிற க்ளோட்ரிமசோல் கிறீம் ட்யூப் ஒன்றில் எனக்கு மிஞ்சுவது பிளேன்டீ காசு. ஸ்டீரொய்ட் கலந்த கிறீமை டொக்டரின் துண்டில்லாமல் கேட்டால் திருப்பித்தான் அனுப்புவேன். அது அரிப்பை அடக்கிவிட்டு, படர்தாமரைக்குக் காரணமான பங்கசை வளர்க்கும். தம்பியையும் கிறீம் கொடுக்காமல் தோல் கிளினிக்குக்குத்தான் அனுப்பினேன், சுட்ட காயத்தை முதலில் பார்க்க வேண்டுமே. உங்களுக்கும் அதுதான்: முதலில் காட்டுங்கள், பிறகு வாங்குங்கள்.

இன்னொன்று. பார்சல் பொலித்தீனை என் கடை வாசலிலேயே கிழித்து எறிகிறார்கள். டவுணில் திரியும் மான்கள் அதைத் தின்கின்றன. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எறிகிற ஆட்களும் இங்கே வாசிக்கிறார்கள், அதுதான் எழுதினேன்.