கழற்றி எடுத்த பல் இம்ப்ளான்ட்டை ஏன் ஆராய்கிறார்கள்?

பல் இம்ப்ளான்ட் என்பது பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு, பெரும்பாலும் டைட்டானியம். அது உடைந்தோ தளர்ந்தோ கழற்ற நேர்ந்தால், ஆய்வகத்துக்கு அனுப்புவதுண்டு. மனித வாயில் ஆண்டுக்கணக்கில் மென்ற திருகு சொல்வதை எந்தச் சோதனை இயந்திரமும் முழுதாகச் சொல்லாது.

எலும்பு ஒட்டியிருந்தால், குழல் வடிவத் துரப்பணத்தால் எலும்போடு சேர்த்தே எடுத்து திசு கெடாமல் காக்கும் 10% ஃபார்மலின் திரவத்தில் இடுவார்கள். உலோகம் இருப்பதால் வழக்கமான திசுக் கத்தியால் சீவ முடியாது. எனவே ரெசின் என்னும் கெட்டியாக இறுகும் பிசினில் உறையவைத்து, வைரம் பதித்த ரம்பத்தால் அறுத்து, சுமார் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) தடிமனுக்குத் தேய்ப்பார்கள். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், திருகுப் புரியில் எத்தனை சதவீதம் எலும்பு தொட்டிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

உடைந்த திருகு என்றால் முறிந்த முகமே முக்கியம். கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் அறுந்துபோகிறதல்லவா, மெல்லும் விசையும் அதைத்தான் செய்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் நெருக்கமான வரிகள் அதற்குத் தடயம். விரிசல் தொடங்கிய இடம் தெரிந்தால், அடுத்த வடிவமைப்பில் அங்கே சுவரைத் தடிப்பாக்கலாம், கூர்மூலையை வளைவாக்கலாம். கழற்றியதும் பிரஷால் தேய்த்துவிட்டாலோ உடைந்த முகங்களைப் பொருத்திப் பார்த்தாலோ இந்தத் தடயம் கெட்டுவிடும்.

கழற்றியவை எல்லாம் எலும்போடு சேராதவை என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகச் சேர்ந்திருந்தும் உடைந்ததாலோ தவறான கோணத்தில் அமைந்ததாலோ எடுக்கப்பட்டவையும் உண்டு.