வாசகர் கேள்வி – பதில்: லய வாசலிலும் காட்டக்கூடிய காணொளி

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் குழு மாதத்துக்கு ஒருமுறை பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊழியப் பயணம் போகிறது. செலவின் பெரும்பகுதியைக் கொழும்பிலும் கனடாவிலும் வாழும் பழைய சபையார் தாங்குகிறார்கள். படங்கள் மட்டும் போதாது, வீடியோ அனுப்புங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். எதை எடுப்பது, எப்படி எடுப்பது?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: அவர்கள் கேட்பது நியாயமே. அந்தியோகியா சபை அனுப்பிவைத்த பவுலும் பர்னபாவும் திரும்பி வந்ததும் சபையைக் கூட்டி, நடந்தவற்றையெல்லாம் அறிவித்ததாக அப்போஸ்தலருடைய நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பணமும் ஜெபமும் கொடுத்தவர்களுக்கு விவரம் சொல்வது கடமை. ஆனால், அந்த விவரம் யாரைப் பற்றியதோ அவர்களுக்கும் அதில் உரிமை உண்டு என்பது மலையகத்தில் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1854இல் தோட்டத் தொழிலாளர் மத்தியில் தொடங்கிய மிஷன், ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரிலேயே இங்கிலாந்திலிருந்த ஆதரவாளர்களுக்கு அறிமுகமானது. அந்தப் பெயர் எம் முன்னோர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல. ஆகவே நான் சொல்லும் முதல் விதி இதுதான்: கனடாவுக்கு அனுப்புமுன், அதே லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளின்) வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டாருக்கே போட்டுக் காட்டக்கூடிய காணொளியை மட்டும் எடுங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற குழு ஒன்று, அப்பியாசக் கொப்பிகள் வழங்கியதைப் படமெடுத்து முகநூலில் போட்டது. ஒரு பையனை, கெமராவைப் பார்த்துச் சிரிக்கும்படி சொல்லி, அதே கொப்பிக் கட்டை இரண்டு தடவை வாங்க வைத்தோம். அந்தக் காணொளி அவனோடு டவுன் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் நாங்கள் போனபோது அவன் கோடிக் காம்பராவின் (லயத்தின் கடைசி வீட்டின்) சுவரோரம் நின்றானே தவிர, எங்கள் பக்கம் வரவில்லை. அன்று முதல், பிள்ளைகள் எதையாவது வாங்கும் காட்சியை எடுக்க நான் யாரையும் விடுவதில்லை.

அதே பயணத்தில் எவரும் படமெடுக்காத காட்சி ஒன்றும் இருந்தது. வயதான ஓர் அம்மா, சேலைத் தலைப்பால் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றி, ஏழு பேரின் உள்ளங்கையிலும் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தார். பிறகு எங்கள் பெயர்களைக் கேட்டு, பெயர் சொல்லி எங்களுக்காக ஜெபித்தார். நாம் கொடுக்கப் போன இடத்தில் நமக்கும் கிடைத்தது என்பதை ஆதரவாளர்கள் பார்க்க வேண்டும். அந்த அம்மா சம்மதித்தால், எடுக்க வேண்டிய காட்சி அதுதான்.

இந்துக் குடும்பமொன்றில் நோயாளிக்காக ஜெபிக்கும்போது தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அது வெளியே பரவினால், உறவினர் மத்தியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டார்தான். கொழுந்து பறிப்பவர்களை மலையில் நிறுத்திப் பேட்டி எடுப்பதும் வேண்டாம். நிறுவையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் அவர்களுடைய சம்பளத்தைத் தொடும். மாலையில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தோட்டத்துக்குள் படமெடுக்க நிர்வாகத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள்.

எடுக்கும் முறையில் படத்தைவிடச் சத்தமே பெரிய சிக்கல். மலைக்காற்று பேச்சை விழுங்கிவிடும். சட்டைக் கழுத்தில் குத்தும் சிறிய மைக் இல்லையென்றால், இரண்டாவது தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் மடியில் வைத்துப் பிறகு இரண்டையும் சேர்க்கலாம். காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால், பேசுபவரை வாசலை ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரச் சொல்லுங்கள். குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். சிறிது பொறுத்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்துகளைக் கீழே சேர்த்தால் அவர்களும் பார்ப்பார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகிவிடுகிறதே?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: சாதாரண வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது. யூடியூபில் ஏற்றுவதானால், இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 4கே தரத்தில் எடுக்கத் தேவையில்லை. ஐபோனில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி பிடிக்கும், 1080பி என்றால் சுமார் 60 எம்பிதான். டேட்டா காசு நமக்குப் பெரிது.

அனுப்பிய பிறகு, ஆதரவாளர்களிடமும் ஒரு நிமிடக் காணொளி கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் லயத்துக்குப் போகும்போது அதை அங்கே காட்டுங்கள். தாம் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதை அங்குள்ளவர்களும் முகம் பார்த்து அறியட்டும்.