கொழும்புக்கு மருந்துப் பெட்டி அனுப்பும் முன்

வணக்கம். லண்டனில் உங்கள் சங்கம் சேர்த்த மருந்துகளைக் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்ப வழி கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பெட்டிகள் ஆறு மாதத்தில் காலாவதியாகும் என்கிறீர்கள். தயவுசெய்து அவற்றை அனுப்பவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை வழிகாட்டலின்படி, இங்கே வந்து சேரும்போது பொதுவாக ஒரு வருடமாவது மீதி இருக்கவேண்டும். வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகள் கூடவே கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் கேளாமலே மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றைத் தரம் பிரித்து அழிப்பதே பெரிய சுமையாகிப்போனது.

சரி, மற்றப் பெட்டிகளுக்கு முதலில் ஆஸ்பத்திரியிடம் தேவைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவோடும் மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையோடும் பேசி அனுமதி எடுங்கள். கப்பலில் ஏற்றியபிறகு ஓடித்திரிந்தால் துறைமுகத்திலேயே கிடக்கும். பணமாகக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, பட்டியலில் உள்ளதையே வாங்கிக் கொடுக்கலாம்.