தெருவில் ஓடும் மசில் காரை டிராக் (drag) பந்தயத்துக்கு வேகமாக்க முதலில் எதை மாற்ற வேண்டும்?

ரயரை. எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்.

டிராக் பந்தயம் என்றால் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீற்றர், ஓடி முடிப்பது. மஸ்டாங், கமாரோ போன்ற மசில் கார்களில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினின் பலம் முழுக்கப் பின்சில்லுகளுக்குத்தான் போகும். சாதாரண ரயரின் பிடி அதற்குக் காணாது. சில்லு சுற்றும், கார் நகராது.

வன்னியில் வயல் உழுதவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சேற்றில் உழவு மெசின் இறுகினால், அக்சிலேட்டரை அமத்த அமத்தச் சில்லு இன்னும் கீழே தோண்டும். அதனால்தான் சேற்றுழவுக்கு இரும்புச் சில்லு பூட்டுகிறோம். மெசினின் குதிரைவலு கூடுவதில்லை, பிடிதான் கூடுகிறது.

டிராக் ரயரின் றப்பர் மென்மையானது. காற்றையும் கொஞ்சம் குறைத்து ஓடுவார்கள், தரையில் படும் பரப்புக் கூடும். முதல் 60 அடியில் 0.1 செக்கன் மிச்சம் பிடித்தால், முடிவில் பெரும்பாலும் அதைவிடக் கூடவே மிச்சமாகும். தொடக்கத்தில் கிடைத்த வேகம் கடைசி வரை கூட வருகிறதல்லவா?

சரி, அடுத்தது பின் அச்சின் பல்விகிதம், அதாவது பின்சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது: 3.08 இருந்தால் 3.73 போடலாம். பிறகு தேவையில்லாத பாரத்தைக் கழற்றலாம்.

தயவுசெய்து ஏ9 வீதியில் சோதிக்க வேண்டாம். மாடு குறுக்கே வரும், ஈரத்தில் இந்த ரயர் வழுக்கும்.

புகை கிளம்பினால் கார் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். புறப்படும் முன் புகைய விடுவது றப்பரைச் சூடாக்கத்தான். புறப்பட்ட பின்னும் புகைந்தால் நேரம் வீணாகிறது.