கொழும்பில் சைக்கிள் ஓட்டிய உடுப்பு மலையகத்துக்குப் போதுமா? எந்தக் காலத்துக்கு எதைப் போடுவது?

ஹட்டனுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது, தங்குவது ஹட்டன், வேலை கொட்டகலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியா பக்கம் தூர ஓட்டம் போக ஆசை, கொழும்பில் போட்ட டீசேர்ட்டும் கட்டைக் காற்சட்டையும் போதுமா, இல்லை தடிப்பான ஜக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வரவா என்று கேட்டிருக்கிறீர்கள். தடிப்பான ஜக்கெட் வேண்டாம். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டே விறைத்துப்போனவன் சொல்கிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற திமிர் அப்போது நிறைய இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை ஞாயிறு. கம்பளையில் நண்பன் வீட்டில் தங்கி, விடிய எழும்பி நுவரெலியாவுக்கு ஏறினேன். உள்ளே பருத்தி பெனியன், மேலே தொப்பி வைத்த தடிப்பான பருத்தி சுவெட்டர். கம்பளை 500 மீற்றருக்கும் கீழே, நுவரெலியா 1,868 மீற்றர். புஸல்லாவை தாண்டும்போதே முதுகில் வியர்வை ஓடத் தொடங்கிவிட்டது. றம்பொடை வளைவுகளில் மூச்சு வாங்க வாங்க ஏறி, லபுக்கலை தேயிலைக்குள்ளால் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெனியனைக் கழற்றிப் பிழிந்திருக்கலாம். ரொட்டியும் பிளேன்டீயும் முடித்துவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கினேன். தூறல்தான், பெரிய மழை இல்லை.

பத்து நிமிடத்தில் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக் பிடிக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கை மரக்கட்டை மாதிரி ஹேண்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல் கிடுகிடுக்க ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கிட்டத்தட்ட விழுந்தேன். கடைக்கார அக்கா பார்த்த பார்வையில் பாதி கோபம்.

"என்னா தம்பி, ஈரத்தோட நிக்கிற? அந்த பெனியன கழட்டு மொதல்ல."

கழற்றியதும் பழைய வீரகேசரியில் இரண்டு தாளை எடுத்து நாலாக மடித்துத் தந்து, "நெஞ்சுல வச்சிக்கிட்டு மேல சட்டையப் போடு. எங்க வீட்டுக்காரரு மோட்டார் சைக்கிள்ல பால் கொண்டு போறப்ப இப்புடித்தான்" என்றார். அந்தத் தாள்களோடு கம்பளை வரை இறங்கிவிட்டேன். தூர் த பிரான்ஸ் சைக்கிள் போட்டி ஓட்டக்காரர்களும் மலை உச்சியில் பேப்பரை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. அக்காவுக்கு அது முன்பே தெரியும்.

நடந்தது இதுதான். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறு ஆறரை பாகை குளிர் கூடும். அது பெரிய விஷயமில்லை, ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. ஆனால் வெப்பநிலை 10 பாகையாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால், காற்றடிக்கிற தோலுக்கு அது 6 பாகை மாதிரித் தெரியும். அதிலும் இறங்கும்போது மிதிப்பதில்லை, அடுப்பு அணைந்துவிடும். அதற்கு மேல் ஈரப் பருத்தி. நீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். என்னுடைய தடிப்பான சுவெட்டர் ஏறும்போது வியர்வையைக் கூட்டியது, இறங்கும்போது அந்த வியர்வையைத் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. வேறு எதற்கும் உதவவில்லை.

அதனால் இங்கே உடுப்பை ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து யோசியுங்கள். ஏறத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். புறப்படும்போதே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது வளைவில் நனைந்துவிடுவீர்கள். தோலோடு ஒட்டி இருப்பது பொலியெஸ்டர் விளையாட்டு பெனியனாக இருக்கட்டும், வியர்வையை வெளியே தள்ளிவிட்டுச் சீக்கிரம் காயும். மெரினோ கம்பளி கிடைத்தால் அதைவிட நல்லது, ஈரத்திலும் சூடு தரும், நாறாது, ஆனால் விலை கையைக் கடிக்கும். அதற்கு மேல் முழு சிப் வைத்த சைக்கிள் ஜேர்சி, ஏற ஏறத் திறந்துகொள்ளலாம். முதுகுப் பையில் உள்ளங்கை அளவுக்கு மடியும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜக்கெட் ஒன்றும், சொப்பிங் பேக்கில் சுற்றிய காய்ந்த பெனியன் ஒன்றும். உச்சியில் நின்று பெனியனை மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் போகும். அந்த இரண்டு நிமிடத்தை இப்போதெல்லாம் நான் விடுவதே இல்லை, யார் பார்த்தாலும் சரி.

இனிக் காலநிலை. கொழும்பில் மழைக்காலம் என்றால் ஊருக்கே மழைக்காலம். இங்கே மாதத்தோடு மலையின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. உங்கள் பக்கம், அதாவது கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அதற்கு நேரே முகம் கொடுத்து நிற்கின்றன. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அதே ஜூலையில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வறட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை தலைகீழ்: வடகீழ்ப் பருவக்காற்று வெலிமடை, பண்டாரவளை இருக்கும் ஊவாவை நனைக்கும், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பளிச்சென்று இருக்கும். ரயிலில் பதுளைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பட்டிப்பொல தாண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை, ஒஹியா பக்கம் வெளியே வரும்போது வெயில். சைக்கிளில் இதை அனுபவிக்க ஒரு ஜூலை காலையில் நுவரெலியாவிலிருந்து ஹக்கல வழியாக இறங்கிப் பாருங்கள். சீதா எலிய அம்மன் கோவிலடியில் தூறலுக்குப் பயந்து ஜக்கெட்டோடு நிற்பீர்கள், வெலிமடை வருவதற்குள் அது இடுப்பில் கட்டப்பட்டிருக்கும், கண்ணுக்குள் தூசி போகும்.

பருவமழைக்கு எந்த ரெயின்கோட் என்று எல்லோரும் கேட்பார்கள். மழையை உள்ளே விடாமல் வியர்வையை மட்டும் வெளியே விடும் கோர்டெக்ஸ் மாதிரியான துணிகள் நல்லவைதான். ஆனால் அவை வேலை செய்வதே உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருப்பதால். ஜூன் மாத ஹட்டன் மூடுபனியில் வெளியிலும் காற்று ஈரத்தால் நிரம்பிக் கிடக்கிறது, ஆவி எங்கே போகும்? எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் ஏற்றத்தில் உள்ளே நனைவீர்கள். அதனால் நான் ஏற்றத்தில் மழையென்றால் நனைந்துவிடுகிறேன், ரெயின்கோட்டை இறக்கத்துக்கு வைத்துக்கொள்கிறேன். தோள்பட்டை, கழுத்துத் தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டேப் இல்லாத ரெயின்கோட் அரைமணித்தியாலத்தில் தையல் வழியாகக் கசியும். பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குனிந்து ஓட்டும்போது முதுகு திறந்துகிடக்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் தடிப்பு றப்பர் கோட்டைப் போட்டு ஏறினீர்களோ, இடியப்பம் மாதிரி ஆவியில் வெந்துவிடுவீர்கள்.

உண்மையைச் சொன்னால், மழைக்கு முதலில் வாங்க வேண்டியது உடுப்பே இல்லை, மட்கார்ட். பின்சில்லு அடித்துத் தூக்கும் சேற்றுத் தண்ணீர்தான் காற்சட்டையையும் சப்பாத்தையும் நாசமாக்குகிறது. அடுத்தது ஹெல்மெட்டுக்கு உள்ளே போடும் சிறிய துணித் தொப்பி. அதன் முன் மடிப்பு மழைத்துளியைக் கண்ணில் விழாமல் நிறுத்தும்.

ஜனவரி, பெப்ரவரி எனக்குப் பிடித்த காலம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், திம்புளைப் பகுதித் தேயிலைக்கு வாசம் கூடுவதும் அப்போதுதான். ஆனால் விடியலில் நுவரெலியாவில் உறைபனி விழும் நாட்கள் உண்டு. பள்ளத்துத் தேயிலையில் கொழுந்து கருகிப்போய் நிற்பதைப் பார்த்தால் எவ்வளவு குளிர் என்று விளங்கும். காலை ஆறு மணிக்குக் காது வலிக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். ஒரே ஓட்டத்துக்குள் இந்த இரண்டையும் சமாளிக்கக் கையில் மாட்டிக் கழற்றும் நீட்டு உறைதான் வழி. கடையில் வாங்கக் காசில்லாத காலத்தில், கால்பந்துக்காரர் போடும் நீட்டு சொக்ஸ் ஒரு சோடியின் பாதத்தை வெட்டிவிட்டுக் கையில் மாட்டினேன். இன்றும் அதுதான். விரல் மூடிய கையுறை கட்டாயம் வேண்டும். நெஞ்சைக்கூட எப்படியாவது காப்பாற்றலாம், விரல் விறைத்தால் பிரேக் இல்லை.

மார்ச், ஏப்ரலில் குளிரை மறந்துவிடுங்கள். உயரம் கூடினால் வெயிலின் புற ஊதாக்கதிரும் கூடும், காற்று குளுமையாக இருப்பதால் சுடுவது தெரியாது, இரவு படுக்கும்போதுதான் கழுத்து எரியும். மெல்லிய வெள்ளை நீட்டுக் கை உறை போடுங்கள். இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை வரும், ஒக்டோபர், நவம்பரிலும் அப்படித்தான். அதற்கு உடுப்பு எதுவும் உதவாது, மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அதில் ஒரு சமூகப் பிரச்சினை இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏற்றம் என்றால் அது தேவை, அதற்குள் ஜட்டி போடக்கூடாது, போட்டால் தையல் உரசிப் புண்ணாகும். ஆனால் தோலோடு ஒட்டிய அந்தக் காற்சட்டையோடு முதல்நாள் தோட்டத்து லயத்து ரோட்டில் போனபோது, பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள் "சேர் கால்சட்ட போட மறந்துட்டாரு" என்று கத்தியது மூன்று டிவிஷனுக்குக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து மேலே ஒரு தொளதொள அரைக் காற்சட்டை போடுகிறேன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டும் ஓரிரு தங்கச்சிமார் நீட்டு டீசேர்ட்டை மேலே விட்டுக்கொள்கிறார்கள். வேகம் அரைக் கிலோமீற்றர் குறைந்தால் குறையட்டும்.

நிறத்தில் கவனம் தேவை. சாம்பல், வெள்ளை, கடும் பச்சை எல்லாம் மூடுபனியிலும் தேயிலையிலும் கரைந்துபோகும். வளைவில் வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிவதே கடைசி நொடியில்தான். பகலில் பளீர் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். ஆனால் அந்தப் பளீர் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும், இருட்டில் அதுவும் சாதாரண மஞ்சள்தான். இரவுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளிப் பட்டி வேண்டும். அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் ஆடுவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். மழை நாளில் பகலிலும் லைட்டைப் போட்டுவிடுங்கள்.

எங்கே வாங்குவது? எல்லாவற்றையும் கொழும்பில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நுவரெலியா பேல் பஜாரில் குளிர் உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சிய ஜக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். துணியை வாயோடு வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வந்தால் காற்றைத் தடுக்காது, வைத்துவிடுங்கள். விலை பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே பாவமாக இருக்கும்.

காயவைப்பதுதான் பெரிய தலையிடி. ஜூனில் கொடியில் போட்டது மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும். அடுப்புக்கு மேலே கட்டினால் சீக்கிரம் காயும், ஆனால் செயற்கைத் துணி சூட்டில் சுருங்கிவிடும், தப்பினாலும் அடுத்த ஓட்டம் முழுக்கக் கருவாடு மாதிரி மணப்பீர்கள். காய்ந்த துவாயில் சுருட்டி ஏறி மிதித்துப் பிழிந்துவிட்டுக் கூரைக்குள் காற்றோட்டமாகப் போடுங்கள். சப்பாத்துக்குள் பேப்பரைத் திணித்து வையுங்கள். உடுப்பு மணக்க ஊற்றும் திரவத்தை ஜேர்சிக்கு ஊற்ற வேண்டாம், அதன் பிறகு அது வியர்வையை உறிஞ்சாது.

ஹட்டன் – கொட்டகலை வேலை ஓட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. அது ஐந்தாறு கிலோமீற்றர்தான். வேலைக்குப் போடும் சேர்ட்டையும் நீளக் காற்சட்டையையும் சொப்பிங் பேக்கில் கட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள், மழைக்கு ஒரு ரெயின்கோட், அவ்வளவுதான். சொக்ஸ் மட்டும் இரண்டு சோடி அலுவலக லாச்சியில் கிடக்கட்டும். நான் மூன்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு சோடியை ஒவ்வொரு ஜூனிலும் பஸ்ஸுக்கு நின்று நனைந்து வரும் யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், திரும்ப வராது.