பாட்டும் கூத்தும் பட்டப்படிப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதமும் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாந்தரம் சித்தியடைந்தவள். 'பாட்டும் கூத்தும் படிக்கக் கம்பஸ் எதற்கு' என்று உறவினர் கேட்கிறார்கள். எங்கே, எந்தத் துறைக்கு அனுப்புவது?
– ஒரு தாய், கொக்கட்டிச்சோலை

பதில்: அம்மா, உறவினருக்கான விடை உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. படித்தவர்கள் பலர் கூத்தை நாடகமென்றே மதியாதிருந்த 1960களில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை ஆடுவித்தார். விடிய விடியக் களரி என்னும் ஊர்க் கூத்தரங்கில் நிகழ்ந்ததைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராக விளங்கினார். கூத்தின் இரு மரபுகளான வடமோடியும் தென்மோடியும் ஆட்டத்திலும் பாட்டிலும் எங்கே வேறுபடுகின்றன என்பதை ஆராய்ந்து எழுதிவைக்கப் பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. ஆனால் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முன் நின்று கால் பழகுவதற்கு ஈடான பாடத்தை எந்த விரிவுரையும் தந்துவிடாது. ஆகையால் மகள் ஊர்க் களரியை விட்டுவிடக் கூடாது.

உங்களுக்கு அண்மையில், கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்த நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உண்டு. வடக்கே, 1960இல் மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் நுண்கலைக் கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

இசையா நாடகமா என்பதை மகளே தீர்மானிக்கட்டும். அதிக புள்ளி வந்த பாடம் எது என்று பார்ப்பதைவிட, நான்கு ஆண்டுகள் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து எதைப் பழக அவளுக்கு மனம் வரும் என்று கேட்டுப் பாருங்கள். உயர்தரப் புள்ளி மட்டும் போதாது. இத்துறைகளுக்குத் தனியே, துறைக்கான திறமையைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் நல்ல பெறுபேறு இருந்தும் பயனில்லை. வர்ணம் என்னும் இசை உருப்படியை முதற்காலத்தில் கணீரென்று பாடும் பிள்ளையின் கை, இருமடங்கு வேகமான இரண்டாங்காலம் தொடங்கியதும் ஆதி தாளத்தின் சுண்டுவிரலிலேயே தயங்கி நின்றுவிடுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். அந்தக் கையை இன்றே பழக்குங்கள்.

தொழிலைப் பற்றியும் உங்களுக்குக் கவலை இருக்கும். 6ஆம் தரம் முதல் பாடசாலைப் பிள்ளைகள் அழகியற் பாடமொன்றைக் கற்பதால் ஆசிரியப் பணிக்கு இடமுண்டு. எனினும் நியமனத்துக்குச் சில காலம் காத்திருக்க நேரலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரத் துறைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். தைல வண்ணத்தை நான் தொட்டதே இல்லை. அது குறையாகுமா?
– ஒரு மாணவர், சாவகச்சேரி

பதில்: குறையாகாது, தம்பி. வண்ணம் பிறகு பழகலாம். பென்சிலோடு சந்தையில் போய் இருங்கள். படத்தைப் பார்த்து வரையாமல், மீன் வெட்டுபவரின் தோள் எப்படிச் சாய்கிறது என்பதை நேரில் பார்த்து வரையுங்கள். அழிறப்பரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.