ஏக்கருக்கு எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். நாலரை ஏக்கர் சாகுபடி, அதில் இரண்டு ஏக்கர் குத்தகை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் எங்களைத் தேடி வருகின்றன. ஆட்சி மாறியதும் அதிகாரிகள் மாறுகிறார்கள், பழைய மனுக்கள் காணாமல் போகின்றன. எங்கள் சங்கத்தில் 2023-க்குப் பிறகு தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களையே திரும்பப் பெற வைத்த விவசாயிகளைப்போல, எங்கள் கூட்டுறவுச் சங்கங்களும் அரசின் வேளாண் கொள்கையில் தாக்கம் செலுத்த முடியுமா? எந்தக் கட்சியை நெருங்கினால் நடக்கும்? விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக மாறிவிடுவது நல்லதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசிக் கேள்வி அல்ல, ‘நாலரை ஏக்கர், அதில் இரண்டு குத்தகை’ என்ற வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். தமிழில் போராடுகிற அமைப்புக்கும் சங்கம் என்றுதான் பெயர், கடன் கொடுக்கிற அமைப்புக்கும் சங்கம் என்றுதான் பெயர். அந்தச் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது முதல் வகை. உங்களுடையது இரண்டாம் வகை. அது சாலையை மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது. எந்தக் கட்சி என்று கேட்டதற்கும் அதே பதில்தான். உங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் உறுப்பினர். ஒரு கட்சியின் வாசலில் போய் நின்ற மறுநாள் அது பாதிச் சங்கம்.

கடன் தள்ளுபடியைத்தான் நீங்கள் தாக்கம் என்று நினைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 2006, 2016, 2021 என்று மூன்று முறை கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. 2021 பிப்ரவரியில் மட்டும் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். இதில் எந்த முறை உங்கள் சங்கம் கேட்டு வாங்கியது? மூன்றும் மேலிருந்து அறிவிக்கப்பட்டவை. சங்கம் பட்டியல் தயாரித்தது, அரசு தவணை தவணையாகத் தரும் பணத்துக்குக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

பால் கூட்டுறவுகள் வேறு மாதிரி. 2019-இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வணிக ஒப்பந்தம் வந்தபோது, நியூசிலாந்துப் பால் பவுடர் குறைந்த வரியில் இறங்கினால் லிட்டருக்கு என்ன நடக்கும் என்று அமுல் உள்ளிட்ட பால் கூட்டுறவுகளால் கணக்கோடு பேச முடிந்தது. அந்த நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவர்களிடம் பேச்சுக்குச் சரக்கு இருந்தது. தினம் இருவேளை பாலை அளந்து, கொழுப்பைப் பார்த்து, எழுதி வைப்பவர்கள் அவர்கள். உங்கள் நெல்லை அளப்பது யார்? அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புவதும் அதுவே. சங்கத்தின் கையில் இருப்பது உங்கள் கடன் மட்டும். நெல் கையில் இல்லாத சங்கத்துக்கு நெல் விலையைப் பற்றிப் பேச வாய் கிடையாது. இது கசப்புதான், ஆனால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, கடன்தானே கையில் இருக்கிறது. கடனைப் பற்றியாவது பேசினீர்களா?

உங்கள் சங்கத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: ‘சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று யார் முடிவு செய்கிறார்கள்?’ பாதிப் பேர் ‘கோட்டையில’ என்பார்கள். மீதிப் பேர் ‘செக்ரட்டரி’ என்பார்கள். இரண்டும் தவறு. மாவட்டத் தொழில்நுட்பக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆட்சியர், கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளர், மத்தியக் கூட்டுறவு வங்கி, மாவட்டத்தின் முன்னோடி வங்கி, வேளாண் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு, வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடைத் துறைகள், கூடவே முன்னோடி விவசாயிகள் சிலர். வங்கிக்காரர்கள் ‘ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ்’ என்று சொல்லும் கடன் அளவைப் பயிர்வாரியாகப் பேசி மாநிலக் குழுவுக்கு அனுப்புவது இவர்கள்தான். எந்த முதலமைச்சர் வந்தாலும் இந்தக் குழு கூடுகிறது. எந்தச் செய்தித்தாளும் இதைத் தலைப்பில் போடுவதில்லை. பல ஆண்டுகளாக நான் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு எண் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். கிசான் கடன் அட்டையில் உங்கள் கடன் வரம்பு, பரப்பை அந்த எண்ணால் பெருக்கித்தான் தொடங்குகிறது. மேலே சேர்க்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவும் பண்ணைப் பராமரிப்பும்கூட அதன் விழுக்காடுகளே. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையும் பெரும்பாலும் அதே எண்தான்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000. உங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல், அதாவது இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு என்ற அளவு, 2,000 கிலோ. பயிர் அறுவடைப் பரிசோதனையில் 1,400 கிலோதான் வந்தது. குறைவு 30 விழுக்காடு, இழப்பீடு 10,800. கடன் அளவு 42,000 என்று இருந்திருந்தால் அதே வெள்ளத்துக்கு 12,600. இதற்குச் சம்பாவில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் பிரீமியம், ஒன்றரை விழுக்காடு வீதம், 90 ரூபாய். பேரிடரின்போது மறியலில் உட்கார்ந்து கேட்கிற தொகையின் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கூட்ட அறையில் அமைதியாகக் குறைக்கப்பட்டிருக்கலாம்.

ஏன் குறைகிறது? குழுவின் முன் இருக்கும் சாகுபடிச் செலவுத் தாள் பெரும்பாலும் போன ஆண்டுத் தாள், சில வரிகளில் கொஞ்சம் ஏற்றிப் போட்டது. அந்தத் தாளில் அறுவடை என்று ஒரே வரி இருக்கும். அறுவடை இயந்திரம் டயர் வண்டியா, சேற்றில் இறங்கும் செயின் வண்டியா என்று இருக்காது. காய்ந்த வயலில் டயர் வண்டி ஒரு மணி நேரத்தில் முடிப்பதை, மழையில் சாய்ந்த வயலில் செயின் வண்டி இரண்டு மணி நேரம் இழுக்கும். வாடகையும் மணிக்கு அதிகம். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. அழைக்கப்பட்ட முன்னோடி விவசாயி ‘கட்டுப்படி ஆகலைங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் வேறென்ன கொடுத்து அனுப்பினீர்கள்?

ஆகவே தாள் தயாரியுங்கள். பன்னிரண்டு உறுப்பினர்கள் போதும். நான்கு பேர் வாய்க்கால் தலைப்பில், நான்கு பேர் கடைமடையில், நான்கு பேர் மோட்டார் பாசனத்தில். பழைய இயக்குநர்களின் வயல்களையே எடுத்தால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: நாற்றங்கால், உழவு எத்தனை சால், அண்டை வெட்டு, நடவு, இரண்டு களை, டிஏபி, யூரியா, பொட்டாஷ் மூட்டைக் கணக்கு, மருந்து, அறுவடை வண்டி எத்தனை மணி நேரம், காய வைக்கும் ஆள்கூலி, கொள்முதல் நிலையம் வரை வண்டி வாடகை. ரசீது உள்ளதற்கு ரசீது. கூலிக்கு ரசீது கிடையாது, தேதியும் ஆள் எண்ணிக்கையும் எழுதுங்கள். மிக அதிகமான ஒன்று, மிகக் குறைவான ஒன்று இரண்டையும் நீக்கிவிட்டு மீதிப் பத்துக்குச் சராசரி போடுங்கள்.

இரண்டு இடங்களில் எல்லோரும் தவறுகிறார்கள். ஒன்று, ஏக்கரும் ஹெக்டேரும் கலந்துபோவது. 2.47 மடங்கு வேறுபாடு உள்ள எண் ஒன்று உள்ளே நுழைந்தால் தாள் முழுவதும் குப்பைக்குப் போகும். இன்னொன்று காலம். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான அளவை அதற்கு முந்தைய மாதங்களிலேயே பேசிவிடுவார்கள். அப்போது நீங்கள் தை அறுவடையில் தலைகீழாக நிற்பீர்கள். குறுவை முடிந்த கையோடு, ஐப்பசி கார்த்திகையில் தாளை முடித்து, மார்கழிக்குள் இணைப்பதிவாளருக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாளில் கொடுத்தால் மைக் சத்தத்தில் போய்விடும்.

தனி அலுவலர் இருக்கிறாரே என்கிறீர்கள். தேர்தல் நடக்காதது அநியாயம்தான், நடத்தக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். குழுதான் இல்லை, உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுக்க யாருடைய அனுமதி வேண்டும்? இறந்துபோனவர்களின் பெயரை நீக்கி உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்க்கும்படி அதே கையோடு ஒரு கடிதமும் கொடுங்கள். தேர்தல் என்று வரும் நாளில் அது தேவைப்படும்.

எச்சரிக்கை ஒன்று. கடன் அளவு மட்டும் ஏறி, மத்தியக் கூட்டுறவு வங்கி உங்கள் சங்கத்துக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை ஏறாவிட்டால், அதே பணம் குறைவான பேருக்குப் போகும். செயலாளருக்கு நெருங்கியவர் முதலில் வாங்குவார், குத்தகைதாரர் கடைசியில் நிற்பார். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

உற்பத்தியாளர் நிறுவனம் பற்றி இப்போது வேண்டாம். ஒரு சங்கத்தின் கணக்கை எழுதாதவர்கள் இரண்டாவதைத் தொடங்கினால் இரண்டு எழுதாத கணக்குகள் இருக்கும்.

கடைசியாக உங்கள் இரண்டு ஏக்கர் குத்தகை. தாளில் குத்தகை நெல்லுக்கு ஒரு வரி போடுங்கள், மூட்டைக் கணக்கிலும் ரூபாயிலும். குழு அதை அடித்துவிடும், நிலத்தின் வாடகை சாகுபடிச் செலவாகாது என்று சொல்லும். அடிக்கட்டும். அடித்த தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அதே வரி. பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் குத்தகைச் சாகுபடி, அவர்களில் எத்தனை பேருக்கு, யார் பயிரிட்டார் என்று காட்டும் அடங்கல் சொந்தப் பெயரில் கிடைத்தது என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். இதைக் கேட்கவே ஊரில் சிலருக்குக் கூச்சமாக இருக்கும், நிலக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருப்பார். உங்கள் தாளிலிருந்தே தொடங்குங்கள் தம்பி. மார்கழிக்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் தருகிறேன்.